சிவிக்குக்குப் புதிய இன்டேக் மேனிஃபோல்டு: பொருளும், மார்த்தாண்டம் பக்கத்து ஒர்க்ஷாப்பின் வேலையும்

மார்த்தாண்டத்திலிருந்து கருங்கல் செல்லும் சாலையில், ரப்பர் தோட்டம் ஒன்றை ஒட்டி இருக்கும் சிறிய ஒர்க்ஷாப்பில், என் ஹோண்டா சிவிக்கின் பழைய இன்டேக் மேனிஃபோல்டைக் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) கழற்றிவிட்டு, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த வார்ப்பு அலுமினிய மேனிஃபோல்டைப் பொருத்தி வாங்கினேன். அதன் பிறகு கார் மழையிலும் வெயிலிலும் போதுமான தூரம் ஓடிவிட்டதால், இப்போது இதைப் பற்றி எழுதுவது முறையாக இருக்கும். வாங்கிய பொருளைப் பற்றி எனக்கு இருக்கும் கருத்து வேறு, அதைப் பொருத்திக் கொடுத்த வேலையைப் பற்றிய கருத்து வேறு. பொருள் சுமார்தான். வேலை, நம் மாவட்டத்தில் இப்படியும் ஒரு கை இருக்கிறது என்று நாலு பேரிடம் சொல்லத் தோன்றும் அளவுக்கு நன்றாக இருந்தது. பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று ஒர்க்ஷாப் உரிமையாளர் கேட்டுக்கொண்டார். கையில் இருக்கும் வேலையை முடிக்கவே ஆள் போதவில்லை என்றார். அங்கே வேலை செய்யும் பையன்கள் அவரை ஆசான் என்று அழைப்பதால், நானும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

கார் 2009-ஆம் ஆண்டு மாடல், ஐந்து கியர் மேனுவல். இந்தியாவில் 2006 முதல் 2013 வரை விற்பனையில் இருந்த இந்தத் தலைமுறை சிவிக்கில் ஆர்18 என்ற 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது. டர்போ கிடையாது. 6,300 ஆர்பிஎம்மில் 132 பிஎஸ் சக்தியும், 4,300 ஆர்பிஎம்மில் 172 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தரும் என்று நிறுவனம் அறிவித்திருந்தது. என் காரில் ஏர் இன்டேக் குழாயும் சைலன்சர் வரிசையும் ஏற்கெனவே மாற்றப்பட்டு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவும் ரீமேப் செய்யப்பட்டிருந்தது, அதாவது அதன் கட்டளைகள் மாற்றி எழுதப்பட்டிருந்தன. கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே, அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்ட விடும் நாள், நடக்கும்போது இந்தக் காரை எடுத்துச் செல்வது என் வழக்கம். சுமார் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில் எஞ்சின் பெரும்பாலும் 4,500 ஆர்பிஎம்முக்கு மேலேயே சுழலும். மேனிஃபோல்டை மாற்ற நினைத்ததற்கு அந்த ஓட்டம்தான் காரணம். நாகர்கோவில் வடசேரிக்குக் காய்கறி வாங்கப் போவதற்கு இது எந்த விதத்திலும் தேவைப்படாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. எஞ்சினில் கை வைப்பவர் இதையும், காப்பீட்டு நிறுவனம் என்ன சொல்லும் என்பதையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆசானும் வேலையைத் தொடங்கும் முன் இதைத்தான் முதலில் சொன்னார், பழைய மேனிஃபோல்டை விற்றுவிடாமல் பத்திரமாக வைத்திருக்கும்படியும் சொன்னார்.

இன்டேக் மேனிஃபோல்டை வெறும் காற்றுக் குழாய் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் குழாய்களின் நீளம்தான் எஞ்சினின் குணத்தையே தீர்மானிக்கிறது. இன்டேக் வால்வு மூடும்போது, வேகமாக உள்ளே ஓடிவந்த காற்று முட்டி நிற்கிறது. அப்போது எழும் அழுத்த அலை, வெப்பமான நம் ஊர்க் காற்றில் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் என்ற ஒலியின் வேகத்தில் குழாய் வழியே பின்னோக்கிச் சென்று, பிளீனம் எனப்படும் பொது அறையின் வாயில் எதிரொலித்துத் திரும்பி வருகிறது. அந்த அலை, வால்வு மறுபடியும் திறந்திருக்கும் நேரத்தில் சரியாக வந்து சேர்ந்தால், பிஸ்டன் இழுப்பதற்கும் மேலாகக் கொஞ்சம் காற்று சிலிண்டருக்குள் தள்ளப்படும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அலைக்கு நேரம் அதிகம், எனவே நீண்ட குழாய் பொருந்தும். வேகமாகச் சுழலும்போது நேரம் குறைவு, எனவே குட்டைக் குழாய் பொருந்தும். 1960-இல் கிறைஸ்லர் நிறுவனம் தன் 300எஃப் காரில் 30 அங்குல நீளக் குழாய்களை எஞ்சினின் குறுக்கே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை போட்டு நடுத்தர வேகத்தில் டார்க்கை ஏற்றியது. பந்தயத்துக்காகச் செய்த சில கார்களில் அதே குழாய்களின் உள்நீளத்தைப் பாதியாகக் குறைத்து, உச்ச வேகத்தில் சக்தி வரும்படி மாற்றியது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை.

சிவிக்கின் பழைய பிளாஸ்டிக் மேனிஃபோல்டு இதற்கு நடுவழி கண்ட ஒன்று. அதற்குள் இருக்கும் வால்வு, குறைந்த வேகத்தில் காற்றை நீண்ட பாதையிலும், அதிக வேகத்தில் குட்டைப் பாதையிலும் திருப்பிவிடும். நான் வாங்கிய அலுமினிய மேனிஃபோல்டில் அந்த வால்வு கிடையாது. ஒரே நீளத்தில் குட்டையான, அகலமான நான்கு குழாய்களும், பெரிய பிளீனமும் மட்டுமே. இரண்டு நீளங்களைக் கொடுத்துவிட்டு ஒரே நீளத்தை வாங்குகிறோம் என்பதைப் புரிந்துகொண்டுதான் பணத்தைக் கட்ட வேண்டும். விற்பவர்களின் பக்கங்களில் உச்ச சக்தியின் கணக்கு பெரிய எழுத்தில் இருக்கும். கீழே இழப்பது எவ்வளவு என்பது இருக்காது.

பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோது வெளித்தோற்றம் நன்றாகவே இருந்தது. வார்ப்பு சீராக இருந்தது, உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி உட்காரும் முகம் பளபளப்பாகக் கடைசல் செய்யப்பட்டிருந்தது. குறைகள் கையில் எடுத்து வைத்து ஆராய்ந்த பிறகே தெரிந்தன. செய்முறைத் தாள் முழுக்க இடப்பக்க ஸ்டீயரிங் உள்ள காருக்காக எழுதப்பட்டிருந்தது. மேனிஃபோல்டின் வெற்றிடத்தைக் கொண்டு பிரேக் மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டர் நம் காரில் வலப்பக்கம் இருப்பதால், அவர்கள் கொடுத்திருந்த ஹோஸ் எட்டவில்லை. மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் குழாயின் உள்ளே, வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் ஒரு வரம்பு இருந்தது. இதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது, அதை ஆசான்தான் கண்டுபிடித்தார்.

அவர் மேனிஃபோல்டை வாங்கியதும் காரின் பக்கமே போகவில்லை. மேசை மேல் கவிழ்த்து வைத்து, எஞ்சின் ஹெட்டில் (வால்வுகள் இருக்கும் மேற்பகுதி) உட்காரும் முகத்தை தின்னர் தொட்ட துணியால் துடைத்தார். நேர்விளிம்புள்ள எஃகுச் சட்டத்தை அதன் மேல் நீளவாக்கில் வைத்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்தார். நாலாவது சிலிண்டர் பக்கம் மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிந்தது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார், 0.10 மில்லிமீட்டர் தகடு தாராளமாகப் போனது, 0.15-உம் போனது, 0.20 இழுத்துக்கொண்டு போனது. சட்டத்தைக் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் மாற்றி வைத்து மறுபடி அளந்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"தம்பி, சாமான் மோசமில்ல. ஆனா ஃபேஸ் நேரா இல்ல பாத்துக்கிடுங்க. இப்படியே நட்டு போட்டா இன்னைக்கு உட்காரும், ரெண்டு மாசத்துல ஏர் பிடிக்கும்."

அவர் சொன்னதன் பொருள் எளிது. வளைந்த முகத்தை நட்டின் பலத்தால் இழுத்துப் பிடித்தால், கேஸ்கெட் ஓரிடத்தில் நசுங்கியும் இன்னோரிடத்தில் தளர்ந்தும் இருக்கும். எஞ்சின் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் அலுமினியம் விரிந்து சுருங்கும்போது, தளர்ந்த இடத்தில் கேஸ்கெட் மெல்ல விட்டுக்கொடுக்கும். சென்சார் அளக்காத காற்று அந்த இடைவெளி வழியே உள்ளே நுழைந்தால், அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் பெட்ரோல் குறைந்த கலவை எரியும். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, அது வெறும் நடுக்கமாகத் தெரியும். முழு த்ராட்டிலில் தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டனையே கெடுக்கும்.

மேனிஃபோல்டு நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு பட்டறைக்கு அனுப்பப்பட்டு, மில்லிங் மெஷினில் முகம் மெல்லியதாகச் சீவப்பட்டது. எடுத்த அளவு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதிகம் எடுத்தால் போல்ட் துளைகளும், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரின் கோணமும் இடம் மாறும் என்பதால், தேவைக்கு மேல் ஒரு இழைகூட எடுக்கக் கூடாது என்று ஆசான் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்த பிறகு அதே சட்டத்தை வைத்து அளந்தபோது, அவரிடம் இருந்த மிக மெல்லிய தகடும் எங்கும் நுழையவில்லை. தயாரிப்பாளரிடம் இந்தக் குறையைப் படத்துடன் எழுதிக் கேட்டேன்; பொருத்தும் முன் முகத்தைச் சரிபார்ப்பது வாங்கியவரின் பொறுப்பு என்ற பதிலே வந்தது. இவ்வளவு விலை வைத்து விற்கும் ஒரு பொருளுக்கு அது சரியான பதில் ஆகாது என்றே இன்றும் கருதுகிறேன்.

அடுத்து போர்ட்டுகளை, அதாவது காற்று நுழையும் துளைகளை, பொருத்திப் பார்க்கும் வேலை. கேஸ்கெட்டை ஹெட்டில் வைத்து, நீல மார்க்கிங் மை தடவிய முகத்தில் ஹெட் துளையின் எல்லையைக் கூர் ஊசியால் கீறினார். அதே கேஸ்கெட்டைத் திருப்பி மேனிஃபோல்டில் வைத்து அதன் எல்லையையும் கீறினார். இரண்டும் எங்கே விலகுகின்றன என்பது அப்போது கண்ணுக்கே தெரிந்தது. இரண்டாவது, மூன்றாவது போர்ட்டுகளில் மேனிஃபோல்டின் வாய் ஹெட்டின் வாயைவிடக் கீழ்ப்பக்கத்தில் அகலமாக இருந்தது. காற்று ஓடும் திசையில் திடீரென்று ஒரு படி எதிரே நின்றால், வாய்க்காலில் கல் கிடந்தாற்போல ஓட்டம் அங்கே உடைந்து சுழலும். மேனிஃபோல்டின் வாய் ஹெட்டின் வாயைவிட ஒரு மயிரிழை சிறியதாக இருந்தால் தவறில்லை, பெரிதாக இருந்தால்தான் தவறு என்பது அவர் வைத்திருக்கும் விதி. ஹெட்டைக் கழற்றாமல் அதில் கிரைண்டர் வைத்தால் உலோகத் தூள் வால்வு வழியே உள்ளே போய்விடும் என்பதால், அவர் ஹெட்டைத் தொடவே இல்லை. மேனிஃபோல்டின் போல்ட் துளைகளில் இருந்த சிறு தளர்ச்சியைப் பயன்படுத்தி, அதை ஒரு துளி மேலே ஏற்றி, அந்த இடம் மாறாமல் இருக்க இரண்டு முனைகளிலும் டவல் பின் போட்டார். மிச்சம் இருந்த இடங்களை மட்டும் மேனிஃபோல்டு பக்கத்தில் அரத்தாலும் எமரி ரோலாலும் சரிசெய்தார். மூன்றாவது குழாயின் வரம்பும் அப்போதே போனது. குழாயின் உட்புறத்தைக் கண்ணாடி போலப் பாலிஷ் செய்து தரும்படி நான் கேட்டதற்கு அவர் சம்மதிக்கவில்லை. போர்ட்டில் பெட்ரோல் தெளிக்கும் எஞ்சினில், சுவர் லேசாகச் சொரசொரப்பாக இருப்பதே பெட்ரோல் துளி ஒட்டி வழியாமல் காற்றோடு கலக்க உதவும் என்று விளக்கினார். அது சரியான விளக்கம்தான்.

அரம் வைத்த பிறகு கழுவுவதற்கு அவர் செலவிட்ட நேரத்தைப் பார்த்துத்தான் இந்த ஒர்க்ஷாப்பின் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. இரும்புத் தூளாக இருந்தால் காந்தம் இழுத்துவிடும். அலுமினியத் தூளைக் காந்தம் தொடாது. ஆகவே வெந்நீரில் சோப்புக் கரைத்து, பாட்டில் கழுவும் நீளப் பிரஷ்ஷால் ஒவ்வொரு குழாயையும் தேய்த்து, கம்ப்ரசர் காற்றால் ஊதி, வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுத்தார்கள். துணியில் சாம்பல் நிறம் தெரிந்தவரை திரும்பத் திரும்ப அதே வேலை நடந்தது. இந்தப் பொறுப்பு ஒர்க்ஷாப்பில் எல்லோருக்கும் இளையவனான பையனிடம் கொடுக்கப்பட்டிருந்தது. கடைசித் துணியை அவன் ஆசானிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே குழாய்களின் வாய்கள் டேப்பால் மூடப்பட்டன.

காரில் கழற்றுவதும் பூட்டுவதும் நேரான வேலை என்பதால் அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பெட்ரோல் பம்பின் ரிலேயை எடுத்துவிட்டு எஞ்சினை ஓட்டி, தானாக நிற்கும்வரை விட்டு, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் ரெயிலின் அழுத்தத்தை இறக்கினார்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனை கழற்றப்பட்டது. பழைய மேனிஃபோல்டு வெளியே வந்த உடனே ஹெட்டின் நான்கு துளைகளிலும் சுத்தமான துணி அடைக்கப்பட்டது. இன்ஜெக்டர்களின் ஓ-ரிங்குகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தாலும் எல்லாம் புதிதாக மாற்றப்பட்டன. இப்போது பம்புகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதைத் தாங்கும்படியான பாகங்களோடு வாகனங்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலிலிருந்துதான். 2009-இல் வந்த காரின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல என்பதால், கழற்றியதை மறுபடி போடுவதில்லை என்பது அங்கே கட்டாயம். புதிய ஓ-ரிங்குகளில் எஞ்சின் ஆயில் ஒரு சொட்டுத் தடவி, முறுக்காமல் நேராக அழுத்தி இறக்கினார்கள். நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி, மூன்று கட்டமாக, கடைசியில் டார்க் ரென்ச்சால் 24 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினார்கள். பிரேக் பூஸ்டருக்கு வெளிநாட்டு ஹோஸை ஒட்டுப் போட்டு நீட்டும் யோசனையை ஆசான் ஏற்கவில்லை. அந்த ஹோஸ் நழுவினால் பிரேக் பெடல் கல்லாகிவிடும். வெற்றிடத்தில் நசுங்காத, பூஸ்டருக்கென்றே வரும் ஹோஸை உரிய நீளத்தில் வெட்டி, இரு முனையிலும் கிளிப் போட்டார்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன், த்ராட்டில் வாயை அடைத்துவிட்டு மேனிஃபோல்டுக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்திப் பார்த்தார்கள். புதிய கேஸ்கெட் ஓரத்தில் புகை வரவில்லை. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பிவிட வால்வ் கவரிலிருந்து வரும் பழைய பிசிவி ஹோஸின் வளைவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பிலிருந்து நூல் போலப் புகை எழுந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டிருந்தால், பிறகு வரும் ஐடிலிங் நடுக்கத்துக்கு எல்லோரும் புதிய மேனிஃபோல்டையே குற்றம் சொல்லியிருப்போம். ஹோஸ் மாற்றிய பின் எஞ்சின் ஸ்டார்ட் ஆனது, த்ராட்டிலின் ஐடில் நிலையை இசியூ புதிதாகக் கற்றுக்கொள்ளும் செய்முறையும் முடிந்தது. சூடேறிய எஞ்சினில் மேனிஃபோல்டின் உள்ளழுத்தம் 32 கிலோபாஸ்கல் அளவில் அசையாமல் நின்றது. இசியூ பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தமான ஃபியூயல் ட்ரிம்மைச் சில நாட்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு ஸ்கேனரில் பார்த்தபோது, கூட்டலிலும் கழித்தலிலும் 5 சதவீதத்துக்குள்ளேயே இருந்தது. காற்று பிடிக்கும் எஞ்சின் இந்த எண்களைக் காட்டாது.

ரீமேப் வேலை இந்த ஒர்க்ஷாப்பில் கிடையாது. கோயம்புத்தூரில் காரின் சக்தியை அளக்கும் டைனோ வைத்திருக்கும் ஒரு ட்யூனரிடம் காரைக் கொண்டுபோய், இல்லாமல் போன வால்வுக்கான கட்டளைகளை இசியூவிலிருந்து நீக்கி, முழு த்ராட்டிலில் காற்று-பெட்ரோல் கலவை விகிதம் 13-க்குச் சற்றுக் கீழே நிற்கும்படி 95 ஆக்டேன் பெட்ரோலில் சரிசெய்து வாங்கினேன். ரீமேப் இல்லாமல் இந்த மேனிஃபோல்டை மாட்டுவது வீண் என்பது டைனோவில் முதல் ஓட்டத்திலேயே தெரிந்தது. மாற்றும் முன் எடுத்த சக்திக் கோட்டை விடவும் புதிய கோடு கீழேதான் இருந்தது. சரிசெய்த பிறகு உச்ச சக்தி கூடியது உண்மை, ஆனால் கூடியது பத்துக் குதிரைத்திறனுக்கும் குறைவு. 5,200 ஆர்பிஎம்முக்கு மேல் கோடு சரியாமல், எஞ்சின் சுழற்சியின் உச்ச எல்லையான ரெட்லைன் வரை நீண்டு போவதுதான் உண்மையான ஆதாயம். 2,000 முதல் 3,500 வரை டார்க் கண்கூடாகக் குறைந்திருந்தது.

ஓட்டும்போது இது எப்படி இருக்கிறது என்பதை இரண்டு இடங்களை வைத்துச் சொல்லலாம். கரி ஸ்பீட்வேயில் நேர்த்தடத்தின் முடிவில் மூன்றாவது கியரில் எஞ்சின் முன்பு மூச்சு வாங்கும் இடத்தில் இப்போது மூச்சு வாங்குவதில்லை. அடுத்த கியருக்கு மாற்றிய பிறகும் சக்தி இருக்கும் இடத்திலேயே போய் விழுகிறது. சத்தமும் மாறிவிட்டது, 5,000-ஐத் தாண்டும்போது எஞ்சின் தடித்த குரலில் இரைகிறது. அந்தத் தடத்தில் ஓட்டுவதற்காகவே கார் வைத்திருப்பவருக்கு இது நிறைவான மாற்றம். நம் ஊர்ச் சாலை வேறு. தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் வரை பேருந்துக்குப் பின்னால் மூன்றாவது கியரில் ஊர்ந்து, இடைவெளி கிடைத்ததும் முந்தலாம் என்று மிதித்தால், முன்பு கியர் மாற்றாமலே இழுத்த கார் இப்போது இரண்டாவது கியரைக் கேட்கிறது. திற்பரப்பு, பேச்சிப்பாறை பக்கத்து ஏற்றங்களிலும் அப்படித்தான். பெட்ரோல் செலவும் சாதாரண ஓட்டத்தில் சற்றுக் கூடியிருக்கிறது.

வெப்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. சிவிக்கில் மேனிஃபோல்டு எஞ்சினின் முன்பக்கம், ரேடியேட்டருக்கு நேர் பின்னால் இருக்கிறது. பிளாஸ்டிக் வெப்பத்தை எளிதில் ஏற்காது. அலுமினியம் ஹெட்டின் சூட்டையும் வாங்கும், ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் சூட்டையும் வாங்கும். குழித்துறைப் பாலத்துக்கு அருகே நெரிசலில் சிறிது நேரம் நின்றால், பானட்டைத் திறந்து மேனிஃபோல்டின் மேல் கை வைக்க முடியாது. காற்றின் வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். அதே அளவு சக்தியும் குறையும். அதாவது, உயர் வேகத்தில் சம்பாதித்ததில் பெரும்பகுதியை நெரிசலில் நின்ற சூட்டிலேயே தொலைத்துவிட முடியும். ஆசான் இதற்காக, சாதாரண கேஸ்கெட்டுக்குப் பதிலாக வெப்பம் கடத்தாத தடித்த கேஸ்கெட்டைப் போட்டிருந்தார். த்ராட்டில் பாடியைச் சுற்றி ஓடும் கூலன்ட் பாதையையும் தனியே இணைத்து விலக்கினார். பனி உறையும் நாடுகளில் த்ராட்டில் இறுகாமல் இருக்க வைத்த பாதை அது. குமரி மாவட்டத்தில் அதற்கு வேலை இல்லை. ஆரல்வாய்மொழி கணவாயில் காற்று வீசும் மாதங்களில் முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டி ஓட்டும்போது இன்டேக் வெப்பநிலை சீக்கிரமே இறங்கிவிடுகிறது. சிக்கல் முழுக்க நின்று நின்று போகும் ஓட்டத்தில்தான்.

கடற்கரை ஓரம் வீடு இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. பூச்சு இல்லாத வார்ப்பு அலுமினியத்தில் உப்புக்காற்று பட்டால் வெள்ளைப் பொடி பூக்கும். குளச்சலில் உறவினர் வீட்டில் சில வாரங்கள் காரை நிறுத்தியிருந்ததற்கே, எஃகு போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வெளுக்கத் தொடங்கியது. இரு வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். இப்போது போல்ட்டுகளை ஒன்று ஒன்றாகக் கழற்றி, திருகில் இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பேஸ்ட் தடவிப் போட்டிருக்கிறார்கள். பேஸ்ட் தடவிய திருகு எளிதாக வழுக்கி அதிகம் இறுகிவிடும் என்பதால் டார்க் ரென்ச்சின் அளவைச் சற்றுக் குறைத்தே வைத்தார்கள். இதைச் சொல்லித்தராத ஒர்க்ஷாப்பில் ஹெட்டின் திருகு போய்விடும்.

செலவைப் பொறுத்தவரை, மேனிஃபோல்டின் விலையும் கூரியரும் சுங்க வரியும் சேர்ந்து ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டின. ஒர்க்ஷாப்பில் கூலி 14,000 ரூபாய். மில்லிங், ஹோஸ், கேஸ்கெட், ஓ-ரிங் எல்லாம் தனி. ட்யூனருக்குக் கொடுத்தது இதில் சேராது. கூலி அதிகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேனிஃபோல்டை இறக்கி ஏற்றுவது மட்டும்தான் வேலை என்று நினைப்பவர் வேறு இடத்தில் இதில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்து முடிக்கலாம். முகத்தை அளக்காமல், போர்ட்டைப் பார்க்காமல், புகைச் சோதனை செய்யாமல் முடியும் அந்த வேலையை என் எஞ்சினில் நான் அனுமதிக்க மாட்டேன்.

ஒர்க்ஷாப்பின் குறைகளும் உண்டு. நாள் குறித்துக் கொடுத்தால் அந்த நாளில் வேலை முடியாது, அடுத்த வாரத்துக்குப் போகும். போனை எடுப்பது அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. உட்கார்ந்து காத்திருக்க இடமில்லை; மழை நாளில் தகரக் கூரைக்கு அடியில் கார்களுக்கு நடுவேதான் நிற்க வேண்டும். வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு கேட்டேன். பிரித்துப் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அவர் பக்கத்து நியாயம் புரிகிறது, ஆனாலும் கூலிக்காவது ஒரு மேல்வரம்பைச் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு நிம்மதியாக இருக்கும். கழற்றிய பழைய பாகங்கள் எல்லாவற்றையும் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். போல்ட் ஒன்றுகூடக் குறையவில்லை.

இந்த மேனிஃபோல்டை யாருக்குப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், டிராக் டேக்களுக்குத் தவறாமல் செல்பவருக்கும், எஞ்சினின் மற்ற வேலைகளையும் ரீமேப்பையும் முடித்துவிட்டு உயர் சுழற்சியில் மூச்சு போதவில்லை என்று உணர்பவருக்கும் மட்டுமே பரிந்துரைப்பேன். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் வேலைக்காகப் போய்வரும் சிவிக்குக்குத் தொழிற்சாலையின் இரண்டு நிலை மேனிஃபோல்டே மேல். அதே பணத்துக்கு நல்ல டயரும், பிரேக் பேடும், சஸ்பென்ஷன் புஷ்ஷும் மாற்றினால் அந்தச் சாலைக்கு அதிகப் பயன் கிடைக்கும். ஒர்க்ஷாப்பைப் பொறுத்தவரை, இன்டேக் பக்கத்தில் எந்த வேலையாக இருந்தாலும், ஐடிலிங் நடுக்கத்துக்குக் காரணம் தேடுவதாக இருந்தாலும், பழைய ஹோண்டா வைத்திருக்கும் நம் மாவட்டத்துக்காரர்கள் கருங்கல் சாலையில் விசாரித்துப் போகலாம். மேனிஃபோல்டு மாட்டிய பிறகு முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் காரைக் கொண்டுவரச் சொல்லி, ஆறிய எஞ்சினில் எல்லா நட்டுகளையும் அவரே மறுபடி டார்க் ரென்ச் வைத்துப் பார்ப்பார். அதற்குக் கூலி வாங்குவதில்லை. என் காரில் அப்போது ஒரே ஒரு நட்டு மட்டும் லேசாக நகர்ந்தது.